துருப்பிடிக்காத கம்ப்யூட்டர்

இதை வாசிக்கிற உங்களுக்கும் என்னைப்போலவே கழுத்தெலும்பு தேய ஆரம்பித்திருக்கும். "ரொம்ப நேரம் சிஸ்டம் முன்னாடி உட்காருவீங்களோ?" என்று டாக்டர் கேட்டிருப்பார். ஆமாம் என்று தலையை மெதுவாக ஆட்டியிருப்போம். எப்போதிருந்து என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளம். வெளியே வரிசையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அதையெல்லாம் சொல்ல முடியாது. உங்களுக்கு அவசரம் இல்லையே?

ஓசூரில் சிப்காட்டை ஒட்டிய ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். வண்டிகளுக்கு ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டுகளைச் செய்கிற ஒரு கம்பெனியில் தர ஆய்வாளர். வெளியே போகும் ஒவ்வொரு ஷாஃப்டையும் அளந்து, சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்புப் பெயின்ட். சிவப்பு அடித்ததைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். நல்லதோடு கலந்துவிடக் கூடாது. இருபது வருடம் இதையே செய்த மனிதர் வீட்டுக்கு வந்ததும் வேறு ஆளாக மாறிவிடுவாரா என்ன? அம்மா சுட்ட சப்பாத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஒரு பக்கம் தடிப்பா இருக்கே" என்பார். "அப்ப சிவப்புப் பெயின்ட் அடிச்சிருங்க" என்பாள் அம்மா.

நான் பத்தாவது முடித்திருந்தேன். அண்ணன் பன்னிரண்டாவது முடித்து இன்ஜினியரிங் போகவிருந்தான். இன்ஜினியரிங் என்றால் வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். கடையில் போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவதை அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "மூடி வெச்ச பொட்டிக்குள்ள என்ன போட்டிருக்கான்னு யாருக்குத் தெரியும்? பார்ட் பார்ட்டா வாங்கி நாமளே மாட்டுவோம்" என்றார். அந்த வார்த்தை என் காதில் தேனாக விழுந்தது. ஏனென்றால் எந்த பார்ட் எது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டர். அண்ணன் அங்கே கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போவான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவான், அம்மா அப்போதுதான் விடுவாள். மூலையில் இருந்த ஆறாம் நம்பர் சிஸ்டத்தில் மட்டும் விளையாட்டுகள் ஓடும். இருட்டான ஒரு கோட்டை, மழை, கையில் விளக்கோடு ஒருத்தி நடந்து போவாள். அவள் நடக்கும்போது தண்ணீரில் அவள் நிழல் அசையும். அந்த நிழலை நான் பார்த்த அன்றைக்கு மற்றதெல்லாம் முடிந்துபோயிற்று. பழைய பேப்பர் கடையில் கிடந்த கம்ப்யூட்டர் பத்திரிகைகளை ஒவ்வொன்றாக வாங்கி வந்து, பாடப் புத்தகத்தைவிட ஒழுங்காகப் படித்தேன். தண்ணீரில் நிழல் அசைய வேண்டுமென்றால் தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கோட்டையே திறக்காது. எனக்கு வேண்டியது அந்தக் கார்டு. கம்ப்யூட்டரின் மற்ற பாகங்கள் எல்லாம் அந்தக் கார்டு உட்கார ஒரு வீடு, அவ்வளவுதான்.

அப்பா கம்பெனியில் செய்வது போலவே ஒரு ஒப்பீட்டுத் தாள் தயாரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு. இடது பக்கம் பாகத்தின் பெயர், அடுத்து தேவை, அடுத்து மூன்று தேர்வுகள், கடைசியில் குறிப்பு. அண்ணனைப் பார்த்துக் கேட்பார். அண்ணன் என்னைப் பார்ப்பான். நான் சொல்வேன். அப்பா, தாளின் தலைப்பில் போட்டிருந்த அண்ணன் பெயருக்குக் கீழே எழுதுவார். இப்படியே பிராசஸர், போர்டு, ரேம் எல்லாம் முடிந்தன. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பையன் பெரிய ஆள் சார், எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சிருக்கான்" என்று பாராட்டிவிட்டுப் போனார். அண்ணன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அவனுக்கு எதுவும் வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் இருந்தால் போதும்.

கடைசி வரிசையில் கார்டு வந்தது.

"இதுக்கு எதுக்கு பாப்பா தனியா ஒண்ணு? போர்டுலயே படம் தெரியும்னு மேல எழுதியிருக்கே."

"அது சும்மா படம் பாக்கறதுக்குப்பா. அண்ணன் காலேஜ்ல மெஷின் டிராயிங் வரையணும்ல. அதுக்கு இது இல்லாட்டி ஓடாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதுவும் யாரிடம்? தினமும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷாஃப்ட் அளக்கிறவரிடம். அப்பா பென்சிலை நிறுத்தினார். "எங்க டிராயிங் செக்‌ஷன்ல இருக்கிற சிஸ்டத்துல..." என்று ஆரம்பித்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கூரையைப் பார்த்தான். அப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சரி, எழுதிக்குவோம்" என்று எழுதிக்கொண்டார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கக் கூடாது என்பது அப்பாவின் அடுத்த விதி. கையில் மொத்தமாகக் காசு இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. "ஒரே நாள்ல வாங்குனா ஒரே லாட் சரக்கு வந்துரும். லாட்டே கெட்டதா இருந்தா மொத்தமும் போச்சு." வேறு வேறு கம்பெனி செய்த வேறு வேறு பாகங்கள் ஒரே லாட் எப்படி ஆகும் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. மாதம் ஒரு முறை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போனோம். மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் கடை. கடைக்காரர் ஆந்திராவில் குப்பம் என்கிற ஊர்த் தெலுங்குக்காரர். எங்களிடம் தமிழ், தன் ஆட்களிடம் தெலுங்கு, போனில் கன்னடம். அப்பா சட்டைப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து கேபினட்டின் தகரத்தை அளந்தபோது மூன்று மொழியிலும் அவருக்கு வார்த்தை வரவில்லை.

முன்பக்கம் நீல விளக்கு எரிகிற கேபினட் மேல் எனக்கு ஒரு கண். "தகரம் பேப்பர் மாதிரி இருக்கு" என்று அப்பா அதைத் தள்ளிவிட்டார். பீரோ கதவு போல ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்தார். பவர் சப்ளைகளை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதை எடுத்தார். "உள்ள செம்பு இருந்தாத்தான் வெயிட்டு இருக்கும்" என்றார். எனக்கு மானம் போயிற்று. பிற்காலத்தில் விஷயம் தெரிந்தவர்களும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டபோது அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூலையில் கார்டின் முறை வந்தது. கார்டின் டப்பாவைக் கடைக்காரர் மேசைமேல் வைத்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் காலத்து கிராஃபிக்ஸ் கார்டு டப்பாக்கள். இரும்புக் கவசம் போட்ட ஒருத்தி, கையில் ஆளுயரக் கத்தி, பின்னால் ஊரே எரிந்துகொண்டிருக்கும். மெஷின் டிராயிங்குக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? நான் சட்டென்று டப்பாவைக் கவிழ்த்து வைத்தேன். அப்பா பில்லைப் படித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது கத்திக்காரியின் முகம் என் மடிப்பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டேன். வீடு வந்ததும் டப்பாவைப் பழைய பேப்பர் கட்டுக்கு நடுவில் செருகினேன். அடுத்த வாரம் பேப்பர்காரரோடு அவள் போய்விட்டாள்.

அதற்குள் அண்ணன் சேலத்தில் கல்லூரி சேர்ந்து ஹாஸ்டலுக்கும் போய்விட்டான். கம்ப்யூட்டர் யாருக்கு என்ற கேள்வி அப்போதே யாருக்காவது வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது, ஆனால் நானே அதைக் கேட்பேனா? "லீவுல வந்து படிப்பான்" என்றார் அப்பா, அம்மா கேட்காமலே.

இப்போது எண்ணெய்க் கதைக்கு வருகிறேன்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில், அப்பா பச்சைப் புள்ளி வைத்து அனுப்பிய ஷாஃப்டுகள் ஒரு லாரி நிறையத் துருப்பிடித்துத் திரும்பி வந்துவிட்டன. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டியதில் உள்ளே வியர்த்துவிட்டது. துருத் தடுக்கும் எண்ணெயும் போதவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று கம்பெனியில் யாரும் சொல்லவில்லை. தவறு தன்னுடையதுதான் என்று அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் வீட்டில் அவர் பேசவில்லை. அதன் பிறகு ஒரு டப்பா எண்ணெயும் ஒரு பழைய பிரஷ்ஷும் வீட்டுக்கு வந்தன. அரிவாள்மனை, கேட் கொண்டி, அம்மாவின் தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் எண்ணெய். வெங்காய சட்னியில் சில நாள் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். "சோத்துக்கு மட்டும்தான் இன்னும் தடவல" என்பாள் அம்மா.

ஓசூர் மழை உங்களுக்குத் தெரியும். கொட்டித் தீர்க்காது. ஜூனிலிருந்து மேற்கே இருந்து ஒரு தூறல், துணி மூன்று நாளைக்குக் காயாது. கம்ப்யூட்டர் பாகங்கள் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. அம்மா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து மூன்று சொட்டுத் தெளித்தாள். அப்பா பதறிப்போய்த் துணியால் துடைத்தார். "ஈரம் பட்டா துரு புடிக்கும்னு தெரியாதா?" "மாதா தீர்த்தங்க." "மாதா தீர்த்தமும் தண்ணிதானே?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் உள்ளே போனபோது அப்பா தரையில் தினத்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். பாகங்கள் வந்த வெள்ளி நிறப் பைகளைத் தூர வீசியிருந்தார். பிளாஸ்டிக்கில் வியர்க்கும் அல்லவா? பதிலுக்குக் கம்பெனியின் பழுப்பு நிறத் துருத்தடுப்புக் காகிதம், ஒவ்வொன்றுக்கும் நூலில் கட்டிய அட்டை. மதர்போர்டின் பின்களுக்கு, ரேமின் தங்கப் பற்களுக்கு, ஹீட் சிங்க்குக்கு, ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவ்வளவு மெதுவாக. குழந்தைக்குத் தலை வாரிவிடுகிறவர் போல இருந்தது.

"அப்பா, இதுக்கெல்லாம் எண்ணெய் போடலாமா?"

"இது இரும்புதானே?"

"உலோகம்ப்பா. ஆனா..."

"உலோகம்னா துரு புடிக்கும் பாப்பா. லீவுல உங்கண்ணன் வந்து நிக்கும்போது வேலை செய்யணும்ல?"

விரல் ஈரம்கூட அந்தப் பின்களில் படக் கூடாது என்று பத்திரிகையில் போட்டிருந்ததை நான் படித்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அவர் கை அடுத்த பாகத்துக்குப் போயிற்று. என் கார்டு. அதைப் புரட்டிப் பார்த்தபடி, "இதான அந்த டிராயிங் கார்டு?" என்றார்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். இப்போது நான் வாயைத் திறந்தால் பேச்சு கார்டைப் பற்றித் திரும்பும். இது எதற்கு, டிராயிங்குக்கு இது எப்படி உதவும், அந்தப் பத்திரிகையை எடுத்து வா, பார்ப்போம் என்று போகும். "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லவில்லை. இருபது வருடமாக இந்த இடத்தை மட்டும் நான் யாரிடம் கதை சொன்னாலும் தாண்டிப் போய்விடுவேன். உங்களிடம் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் பதினைந்து எங்களுக்கு இரண்டு விசேஷம். கொடியேற்றமும் உண்டு, மாதா திருநாளும் உண்டு. கம்பெனிக்கும் விடுமுறை. அண்ணன் சேலத்திலிருந்து வந்திருந்தான். பூசை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, அன்றைக்குத்தான் மாட்டினோம். நான் போர்டோடு வந்த புத்தகத்தைப் படித்துச் சொன்னேன். அப்பா திருகினார். ஒரு ஸ்குரூகூடத் தரையில் விழவில்லை. பாகங்களைப் பழந்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு மாட்டினோம். விரலில் வழுவழுவென்று இருந்தது. அறை முழுக்க அந்த வாசம்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா பொத்தானை அழுத்தினார். ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினார். அரைச் சுற்று, அவ்வளவுதான்.

அப்பா கொஞ்சமும் கலங்கவில்லை. இதற்கெல்லாம் அவரிடம் ஒரு வழி இருந்தது. கம்பெனியில் ஏதாவது கெட்டுப்போனால் ஐந்து தடவை ஏன் என்று கேட்பார்களாம். ஐந்தாவது ஏனுக்குள் நிஜமான காரணம் வந்துவிடுமாம். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்றோம்.

"ஏன் ஆன் ஆகல?"

"கரண்ட் நிக்க மாட்டேங்குது" என்றேன்.

"ஏன் நிக்கல?"

"பவர் சப்ளை கட் பண்ணிருது."

"ஏன் கட் பண்ணுது?"

"எங்கயோ ஷார்ட் ஆவுதுப்பா."

"ஏன் ஷார்ட் ஆவுது?"

பார்த்தீர்களா, ஐந்துகூடத் தேவைப்படவில்லை. நாலாவதிலேயே வந்து நின்றுவிட்டது. மேசையில் எண்ணெய் டப்பா இருந்தது, பிரஷ் அதன் மேல் குறுக்கே கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். அப்புறம் தரையைப் பார்த்தேன். "தெரியலப்பா" என்றேன்.

அப்பா நாலாவது ஏனுக்கு எதிரே 'சப்ளையர் கோளாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் அவருக்கு வார விடுமுறை வந்த நாளில் பெட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினார். "நீயும் வா பாப்பா. பேரெல்லாம் உனக்குத்தான் தெரியும்" என்று என்னைப் பள்ளிக்கு லீவு போடச் சொன்னார். ஓய்வு நாளாக இருந்தும் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மார்பில் பெயர் தைத்த சாம்பல் சட்டை, கீழே 'தரக் கட்டுப்பாடு' என்று சிவப்பு நூலில். அதைப் பார்த்தால் கடைக்காரர் பயப்படுவார் என்று நினைத்திருக்க வேண்டும். சரக்கு நல்லதா கெட்டதா என்று சொல்கிற ஆள் அவர்தானே, எங்கே போனாலும்?

கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். குனிந்தவர் நிமிர்ந்தார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். விரலால் போர்டைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்து உரசிப் பார்த்தார்.

"என்ன சார் இது, ஆயில் வாசனை வருது?"

அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு பாட்டிலிலிருந்து ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தார். பஞ்சு கறுத்தது. மேசையில் கிடந்த ஒரு ஸ்பீக்கர் காந்தத்தைப் பஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பஞ்சிலிருந்து முடி போல ஏதோ எழுந்து நின்றது. "இரும்புத் தூள் சார்" என்றார். அப்பா குனிந்து பார்த்தார். தர ஆய்வாளருக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. அவருடைய மேசையில் ஷாஃப்டின் மேலிருந்து பிசிறு தட்டுகிற பிரஷ் அது. பிரஷ்ஷின் மயிருக்குள் இருந்த இரும்புத் தூள் எல்லாம் எண்ணெயோடு சேர்ந்து எங்கள் கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறது. அவர் காதுமடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

முக்கால் மணி நேரத்தில் போர்டு பிழைத்தது. ரேம் பிழைத்தது. பிராசஸர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சரி. மானிட்டரில் வெள்ளை எழுத்துகள் ஓடின. கடைசியாகக் கார்டை மாட்டினார். ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அதே அரைச் சுற்று.

"இது போச்சு சார். மத்ததுல லேசாத்தான் இருந்துச்சு, வந்துருச்சு. இதுல மட்டும் ரொம்ப திக்கா இருக்கு. சிப்புக்கு அடியில எல்லாம் போயிருச்சு."

"மாத்திக் குடுங்க. வாரண்டி இருக்குல்ல?" என்றார் அப்பா.

"யாரோ ஆயில் போட்டிருக்காங்களே சார். எப்படி மாத்துவான் கம்பெனில?"

அப்பா நிமிர்ந்தார். "நாங்க ஒண்ணும் போடல. நீங்க குடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

அப்பா பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. லாரி திரும்பி வந்தபோதுகூட, பேக்கிங் செய்தவர்கள் மேல் பழியைப் போடாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தவர். அவருக்குப் பொய் சொல்லத் தெரியவும் இல்லை. குரல் எங்கோ மேலே போயிற்று. கடையில் நின்றிருந்த வேறு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் அப்பாவின் சட்டையில் சிவப்பு நூல் எழுத்தைப் படித்தார். படித்துவிட்டு, பாவம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அப்பா மறுபடியும், "சீல் பிரிக்கும்போதே எண்ணெய் இருந்துச்சு, என் பொண்ணு பாத்தா. சொல்லு பாப்பா" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்தக் கார்டு வேணாம்ப்பா" என்றேன். "டிராயிங் வரையறதுக்கு அது தேவையே இல்ல. போர்டுலயே வரும். நான் கேம் ஆடறதுக்குத்தான் கேட்டேன். பொய் சொன்னேன். வாங்க, போலாம்."

அழுகை வந்தது. ஆனால் அழவில்லை, அதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு. அப்பா கார்டைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தார். பிறகு பெட்டியைத் துணியில் கட்டினார். கடைக்காரர் துடைத்ததற்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. "நல்லா ஓடும் சார். இனிமே ஆயில் மட்டும் வேண்டாம்" என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னார்.

அந்தக் கம்ப்யூட்டர் எட்டு வருடம் ஓடியது. அண்ணன் அதில் மொத்தமாக எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அதிகம். நான் அதில்தான் படித்தேன், வேலைக்கு விண்ணப்பம் போட்டேன், கழுத்தைக் கெடுத்துக்கொண்டேன். கோட்டை அதில் ஒரு நாளும் திறக்கவில்லை. செத்துப்போன கார்டின் மூலையில் அப்பா சிவப்புப் பெயின்ட் வைத்துப் பீரோவின் கீழ்த்தட்டிலேயே போட்டிருந்தார். வீடு மாறியபோது அது எங்கேயோ போய்விட்டது. மைக்ரோமீட்டர் மட்டும் என்னிடம் இருக்கிறது. நானும் இப்போது ஒரு கம்பெனியில் தரப் பிரிவில்தான் இருக்கிறேன். ஐந்து ஏன் கேட்கிறேன், ஆட்கள் நாலாவதில் தரையைப் பார்க்கும்போது எனக்குத் தெரிந்துவிடுகிறது. தண்ணீரில் நிழல் அசைகிற விளையாட்டை, என் சொந்தச் சம்பளத்தில், ரொம்ப வருடம் கழித்து ஆடினேன். நன்றாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் மூடிவிட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல, அன்றைக்குத் திரும்பி வந்த பஸ். பெட்டி அப்பாவின் மடியில், கார்டு தனியாக ஒரு பழுப்புக் காகிதத்தில் என் மடியில். சந்தாபுரம் தாண்டியது. அத்திப்பள்ளியில் பஸ் நெரிசலில் நின்றது. அடி விழுமா, திட்டு விழுமா என்று நான் காத்திருந்தேன்.

"கேமுக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

நான் திரும்பினேன்.

"டப்பாவுலயே ஒருத்தி கத்தியத் தூக்கிட்டு நிக்கிறா. டிராயிங் வரையறவ கையில எதுக்கு பாப்பா கத்தி?"

"அப்புறம் ஏம்ப்பா வாங்கிக் குடுத்தீங்க?" என்று கேட்க வாயெடுத்தேன். அப்பா என் மடியிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சப்பாத்தியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"மத்ததுக்கெல்லாம் எண்ணெய் ஒரு கோட்டுதான் அடிச்சேன்" என்றார். "நீ ஆசைப்பட்டதுன்னு, இதுக்கு மட்டும் ரெண்டு."